எஸ்நார்ட் சொன்ன கடைசி வரி

மார்ச் 4

வந்துவிட்டேன்! மலாவி! ஏரிக்கரை! ராஜாசிங் அண்ணன் வீடு!

“தூரக்கரையிலிருந்து உங்கள் சகோதரன்” என்று ஒவ்வொரு வீடியோவிலும் ஆரம்பிக்குமே ஒரு குரல், அதே குரல் இன்று காலை என்னிடம், “சீனி போதுமாட்டி?” என்று கேட்டது. “போதும்ணே” என்று சொல்லிவிட்டு குளியலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

மெஞ்ஞானபுரத்தில் கீறல் விழுந்த போனை வைத்துக்கொண்டு ‘தூரக்கரை’ என்கிற ஊழியச் சேனலுக்கு ரசிகர் பக்கம் நடத்தியவள் நான். எடிட்டிங் யாரும் சொல்லித்தரவில்லை. ராத்திரி பகலாக வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நான் போட்ட சின்னச் சின்ன வெட்டுகளைப் பார்த்துவிட்டு அண்ணனே செய்தி அனுப்பினார்: “ஒரு வருஷம் வாரியா? சம்பளம் கெடையாது, சாப்பாடு உண்டு.” அம்மா அழுதாள். அப்பா பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்.

டீம் என்றால் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மொத்தமே நாலு பேர். அண்ணன். மொழிபெயர்க்கிற சிக்கோண்டி அக்கா. முன்பு பள்ளிக்கூட டீச்சராம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சிச்சேவா மொழியில் குரல் கொடுக்கிற லிம்பானி. இனி நான்.

மார்ச் 9

லிம்பானி குரல்! ஐயோ. அண்ணனுக்கு அடுத்து நான் விசிறியான குரல் இதுதான். பகலில் சைக்கிள் ரிப்பேர் கடை. சாயங்காலம் எங்கள் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், சுவர் முழுக்கப் போர்வை அடித்த ஒரு அறை. பக்கத்தில் இருக்கிற மாவு மில் நின்ற பிறகுதான் ரெக்கார்டிங்.

அவனுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். எந்நேரம் பார்த்தாலும் “சாப்டியா?” என்கிறான். மற்றதெல்லாம் ஆங்கிலம்தான்.

“சிஸ்டர் பெனிட்டா, உங்க ஊருக்கு நான் போனா ஹீரோ ஆவேனா?”

“குரலை மட்டும் அனுப்பு. மூஞ்சியை இங்கயே வச்சுக்கோ.”

விழுந்து விழுந்து சிரித்தான். ஒரே ஒரு எரிச்சல். தினமும் நல்ல டேக் போய்க்கொண்டிருக்கும்போது அவன் போனில் அலாரம் அடிக்கும். “ஸாரி, ஸாரி” என்று வெளியே ஓடித் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். அப்படி என்ன தாகமோ!

மார்ச் 19

முதல் ஷூட்! எஸ்நார்ட் என்கிற பெண். ஏரிக்கரையில் மீன் விற்கிறாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடந்தவளாம். ஊரே கைவிட்ட பிறகு சபைக்காரர்கள் போய் ஜெபித்திருக்கிறார்கள். இப்போது நெத்திலி மாதிரி இருக்கும் குட்டி மீன் நிரம்பிய பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறாள், நான் கேமராவோடு பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

மரத்தடியில் உட்கார வைத்துப் பேச வைத்தோம். அவள் யாவோ மொழியில் பேச, சிக்கோண்டி அக்கா ஆங்கிலத்தில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். “செத்தவளா இருந்தேன். இப்போ என் பிள்ளைங்களுக்கு நானே சமைக்கிறேன்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. என்று சொன்னார்களாம். மாத்திரை கொடுத்தார்களாம். இன்றைக்கும் தினமும் போடுகிறாளாம். “கர்த்தர் என்னைக் கைவிடல, நானும் மாத்திரையைக் கைவிடல.” தயக்கமே இல்லை. மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

மார்ச் 22

எடிட் முடிந்தது. மூன்று நிமிஷம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் இதுவரை செய்ததிலேயே இதுதான் டாப்.

“இப்போ நானே சமைக்கிறேன்” என்று அவள் சொன்னதும் இசை ஏறுகிறது, அவள் பேசினோடு ஏரியைப் பார்த்து நடக்கிறாள், கட். முதலில் மாத்திரை வரியையும் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் உச்சத்துக்குப் போய்விட்டுப் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் அண்ணனுக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கட்டி இருந்த இவ்வளவு நாளும்?” என்றார். எனக்கு இது போதும். செத்துப்போனாலும் பரவாயில்லை.

சிக்கோண்டி அக்கா மட்டும் கேட்டார், “மாத்திரை பத்திச் சொன்னாளே, அது எங்க?”

“முழு பேட்டியையும் அப்புறமா தனியா போடப் போறோம்க்கா.”

“எப்போ?”

டீச்சர் இல்லையா, எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்.

மார்ச் 31

நாலு லட்சம் பார்வை!!! தூத்துக்குடியிலிருந்து கனடா வரைக்கும் கமெண்ட். “யார் இந்த எடிட்டர்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கமெண்டுக்கு என்னுடைய பழைய கணக்கிலிருந்து நானே லைக் போட்டேன்.

ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஈஸ்டர் ஷூட்டுக்கு இடம் வேண்டும். உட்கார்ந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 8

எஸ்நார்ட் வீடியோவை சிச்சேவாவிலும் செய்து ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டலாம் என்றார் அண்ணன். சிக்கோண்டி அக்கா ஸ்கிரிப்ட் எழுதி வந்தார். பார்த்தால், கடைசியில் மாத்திரை வரி உட்கார்ந்திருக்கிறது!

“அக்கா, படம் அங்க முடிஞ்சு போச்சு. வார்த்தை மட்டும் நீண்டா எதைக் காட்டுறது? கருப்புத் திரையையா?”

“காட்டு. கருப்புத் திரையைக் காட்டு.”

அடியிலிருந்த அந்த வரியை மட்டும் கிழித்தெடுத்துவிட்டுத் தாளை லிம்பானியிடம் கொடுத்தேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லிம்பானி மைக் முன்னால் நின்று ஒரு முறை மனதுக்குள் வாசித்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

“இவ்வளவுதானா சிஸ்டர்? வேற ஒண்ணும் சொல்லலையா அவ?”

“இவ்வளவுதான். ஏன்?”

“இல்ல. சும்மா.”

ஒரே டேக். “செத்தவளா இருந்தேன்” என்கிற இடத்தில் அவன் குரல் உடைந்த மாதிரி என் வாழ்நாளில் நான் எதையும் கேட்டதில்லை. ஹெட்போனைக் கழற்றியபோது அவன் முகமெல்லாம் ஈரம். நடிப்பு இல்லை. நானும் அழுதேன். அலாரம் அடித்தது. அவன் அதை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரல் 25

இரண்டு மரத்துக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டி, வேன் பேட்டரியில் படம் போட்டோம். ஊரே வந்திருந்தது. தங்கள் மொழியில் லிம்பானி குரல் கேட்டதும் பெண்கள் குலவை போட்டார்கள். எஸ்நார்ட்டும் வந்திருந்தாள். எல்லோரும் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் குழந்தையை அவள் மடியிலேயே வைத்துவிட்டாள், ஆசீர்வதிக்கச் சொல்லி. எஸ்நார்ட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சந்தையில் போனுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடைகள் எல்லாவற்றிலும் வீடியோவைக் கொடுத்தாயிற்று. அவர்கள் ஏற்ற, ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குப் போக, ஏரிக்கரை முழுக்க இப்போது நம் வீடியோதான்!

மே 14

நல்ல செய்தி: லிம்பானி போன் அலாரத்தையே காணோம். ஒரு டேக்கும் வீணாவதில்லை. “தாகம் தீர்ந்துச்சா?” என்றேன். “தீர்ந்துருச்சு சிஸ்டர். முழுசா தீர்ந்துருச்சு!” என்று கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான். ஆள் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறான். கல்யாணம் பேசப்போகிறானாம். யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

ஜூன் 27

கரண்ட் இல்லை. குளிர் காற்று. மூன்று வீடியோ பாக்கி.

ஆகஸ்ட் 11

எஸ்நார்ட் மாதிரி இன்னொன்று வேண்டும் என்கிறார் அண்ணன். எதைப் போட்டாலும் பத்தாயிரம் தாண்டவில்லை. லிம்பானியும் சரியாக ஒத்துழைப்பதில்லை. தலைவலி என்கிறான். ஹெட்போனையே கட்டிக்கொண்டு அழுதால் வராமல் என்ன செய்யும்? என்னிடமிருந்த தலைவலி மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“விஷம் இல்லப்பா, முழுங்கு.”

“சாப்டியா?” என்றான், சம்பந்தமே இல்லாமல்.

ஆகஸ்ட் 29

மெலிந்துவிட்டான். கல்யாணத்துக்கு டயட் போல என்று கிண்டல் செய்தேன். விளக்கைப் பார்த்தால் கண் கூசுகிறதாம். விளக்கை அணைத்துவிட்டு ரெக்கார்ட் செய்தோம். மனப்பாடமாகப் பேசினான், நடுவில் இரண்டு இடத்தில் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டான். சிக்கோண்டி அக்கா வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை இருந்தது.

செப்டம்பர் 6

லிம்பானி கடையில் விழுந்துவிட்டான். வலிப்பு. அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்குப் பறந்தார். மூளையைச் சுற்றித் தொற்று என்கிறார்கள். முதுகெலும்பில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். அவன் கத்தியது வெளியே கேட்டது. அந்தக் குரல்.

செப்டம்பர் 8

இன்று தெளிவாக இருந்தான். ஜன்னலில் துணி கட்டி இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள். அவனே சொன்னான். ஆறு வருஷமாக அந்த மாத்திரை. தினமும் அலாரம் வைத்து. அவனுடைய சொந்த அக்கா ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. சபையில் தெரிந்தால் மைக் பக்கம் விட மாட்டார்கள் என்று பயமாம்.

“ஏன்டா நிறுத்தினே?”

“எஸ்நார்ட்டும் நானும் ஒரே கிளினிக் சிஸ்டர். மாசாமாசம் ஒரே வரிசையில நிப்போம்.”

“அப்போ அவகிட்டயே கேட்டிருக்கலாமே!”

“வரிசையில பாத்தவங்கள வெளில கேக்கக் கூடாது. அங்க யாரும் யாரையும் பாக்கல. அது எங்க பழக்கம்.” கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். “அவளும் என்னை மாதிரிதான்னு எனக்குத் தெரியும். நீங்க குடுத்த தாள்ல மாத்திரையே இல்ல. அப்போ அவளுக்கு நின்னுருச்சு, முழுசா சரியாயிருச்சுன்னு நெனச்சேன். பின்பக்கம் கூடத் திருப்பிப் பாத்தேன். என் வாய்தானே சொல்லுச்சு. நானே சொன்னதை நான் நம்ப வேண்டாமா?”

பிறகு, “அவ உண்மையிலேயே என்ன சொன்னா சிஸ்டர்?” என்று கேட்டான்.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10

அண்ணனிடம் சொன்னேன். போனை எடுத்து வீடியோவைச் சேனலிலிருந்து அவரே எடுத்துவிட்டார்.

“ஏன் எடுத்தோம்னு சொல்ல வேண்டாமாண்ணே?”

“என்னன்னு சொல்லுவ? நாங்க பாதிய மறைச்சோம்னா? இத்தன வருஷ ஊழியம் ஒரே நாள்ல மண்ணாப் போவும்.”

“சேனல்லதான் இல்ல. ஏரிக்கரை முழுக்க எல்லார் போன்லயும் கெடக்கே. இன்னும் எத்தன பேரு நிறுத்திருப்பாங்களோ?”

“எனக்கு மட்டும் தெரியாதாட்டி?” என்று கத்தினார். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. “நான்தான வெட்டச் சொன்னேன்? நான்தான. எம்மேல போடு.”

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிவு நச்சென்று இருக்க வேண்டும் என்று எப்போதும் சொல்கிறவர் அவர்தானே. ஒரு வகையில் அவர் சொன்னதாகத்தான் அர்த்தம்.

செப்டம்பர் 15

இனி ஒரே வழி. அதே வீடியோவில் மாத்திரை வரியைச் சேர்த்து, அதே கடைகளில், அதே போன்களில் ஏற்ற வேண்டும். எஸ்நார்ட் யாவோவில் சொன்ன பழைய பேட்டியைத் தேடினேன். ஒவ்வொரு டிஸ்காக. குப்பைத் தொட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். மார்ச் கடைசியில் சுத்தம் செய்தது நினைவுக்கு வந்தது.

சிக்கோண்டி அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“அழிச்சுட்டியா?”

“இடம் இல்லக்கா.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 18

லிம்பானியே பேசுகிறேன் என்று சிக்கோண்டி அக்காவிடம் சொல்லி அனுப்பினான். அவன் குரலில் வந்தால் ஊரே நம்பும். ஒரு வரிதான்: நான் மாத்திரையை நிறுத்தினேன், நீங்கள் நிறுத்தாதீர்கள். மைக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். போவதற்குள் மறுபடி காய்ச்சல் ஏறி, என்னையே அடையாளம் தெரியவில்லை. உதட்டருகே மைக்கைப் பிடித்தேன். சிக்கோண்டி அக்கா காதில் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். மைக் பட்டதும் அவன் முகம் மாறியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டான். ஆரம்பித்தான்.

“செத்தவளா இருந்தேன்.”

எஸ்நார்ட் ஸ்கிரிப்ட். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும், தப்பே இல்லாமல், அதே ஏற்றம், அதே உடைசல். “இப்போ நானே சமைக்கிறேன்” என்று முடித்துவிட்டு, டேக் சரியா என்று கேட்கிற மாதிரி தலையைத் திருப்பினான்.

அக்கா மறுபடி சொல்லிக் கொடுத்தார். மறுபடி அதையேதான் சொன்னான். மைக்கைப் பிடித்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 21

லிம்பானி போய்விட்டான்.

செப்டம்பர் 23

அடக்கம் முடிந்தது. அண்ணன் ஜெபித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். யாரும் எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை. மலேரியா என்று பேசிக்கொண்டார்கள். லிம்பானியின் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவனுக்குக் குரல் வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள்.

ஊரில் இருந்து அம்மா போன் செய்தாள். “ஏன்ட்டி குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 17

என் குரலில் பதிவு செய்தேன். சிக்கோண்டி அக்கா சிச்சேவாவை எழுதிக் கொடுக்க, நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். அக்காவையே பேசச் சொன்னேன். “செஞ்சதை நீயே சொல்லு” என்றார். சந்தைக் கடைக்காரர் போட்டு, என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார்.

“என்னம்மா இது, சீனாக்காரங்க விளம்பரமா? லிம்பானி பேசினது ஏதாவது புதுசா இருக்கா? அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. ஆள் செத்ததிலிருந்து இன்னும் ஜாஸ்தியா கேக்கறாங்க.”

நவம்பர் 2

கடைசியாக எஸ்நார்ட். அண்ணனுக்குச் சொல்லாமல் சிக்கோண்டி அக்காவும் நானும் போனோம். வெயிலில் ஏரி கண்ணைக் குத்தியது. அவள் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகள். அவள் கை வைத்து ஜெபித்தால் சுகமாகும் என்று தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். சிலர் மடியில் ஆஸ்பத்திரி அட்டை இருந்தது.

அதே மரத்தடிக்குக் கூட்டிப்போனோம். லிம்பானியைப் பற்றிச் சொன்னோம். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. “வரிசையில அவன் வரலைன்னு பாத்தேன்” என்றாள். “வேற ஊர் கிளினிக்குக்கு மாறிட்டான்னு நெனச்சேன். கேக்கக் கூடாதில்ல.” பிறகு, “இப்போ நானும் அந்த வரிசைக்குப் போறதில்ல. பாத்தா ஜனங்க என்ன சொல்லுவாங்க?”

“அப்போ மாத்திரை?” என்றார் அக்கா.

எஸ்நார்ட் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாள்.

நான் மைக்கை நீட்டினேன். ஒரே ஒரு வரி, அன்றைக்குச் சொன்ன அதே வரி, அவ்வளவு போதும் என்று அக்கா வழியாகக் கெஞ்சினேன். அவளுக்காகவும்தான் என்றேன். அவள் மைக்கைத் தொடவில்லை.

“அன்னைக்கு நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. வாய் திறந்து சொன்னேன். இப்போ சொன்னா இவங்க என்னைக் கல்லால அடிப்பாங்க, இல்லைன்னா என் பிள்ளைங்ககிட்ட மீன் வாங்க மாட்டாங்க. என்னால முடியாது.” சொல்லிவிட்டு, திடீரென்று ஏதோ வழி கிடைத்த மாதிரி என் பக்கம் திரும்பினாள். முகம் கொஞ்சம் வெளிச்சமானது. நேராக என்னிடமே, நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று மெதுவாக, சிச்சேவாவில் சொன்னாள். அக்கா மொழிபெயர்க்கவே தேவை இருக்கவில்லை.

“அதான் அன்னைக்கே சொன்னேனே. உங்க பெட்டிக்குள்ள இருக்குமே. அதைப் போடுங்க.”

அக்கா இந்த ஒரு பதிலை மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன் என்று நிற்கிற மாதிரி நின்றார்.

எனக்குத் தெரிந்த சிச்சேவா மிகக் கொஞ்சம். “பாலிபே” என்றேன். இல்லை.

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் சொன்னேன். புரிந்துதான் இருந்தது. எழுந்தாள், துணியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள், தனக்காகக் காத்திருக்கிறவர்களிடம் நடந்து போனாள். முதல் ஆள் தலையை முன்னால் நீட்டினான். அவள் கையை வைத்தாள்.